சரக்குத்தூளோட அனுப்பின கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். தம்பி இரவு ரயிலில வாறான். பிள்ளை பெத்த உடம்புக்குச் சரக்குத்தூள் ஒரு போத்தலும் உள்ளியும் குடுத்துவிடுறன். அங்க பால்சுறா கிடைச்சா வறை வறுத்துச் சாப்பிடு. சாப்பாட்டை விடாதை.

போனில கதைச்சா மருமகன் பக்கத்தில நிப்பார், அதாலதான் எழுதுறன். அவரில பிழையில்லை. அரசாங்க வேலையெண்டாலும் பிள்ளை பிறந்தா தகப்பனுக்கு 3 நாள் லீவுதான். அவர் தன்ர லீவெல்லாம் போட்டு உன்னோட நிண்டவர்.

உன்ர பிரசவ லீவு 84 நாளும் சித்திரையோட முடிஞ்சுது. நான் படிப்பிச்ச பள்ளிக்கூடத்து இளம் ரீச்சர்மார் முழுச் சம்பளத்தில 84, அரைச் சம்பளத்தில 84, பிறகு சம்பளமில்லாம 84 எண்டு நிக்கினம். கவர்மென்ட் வேலைக்கு எழுது எண்டு எத்தினை தரம் சொன்னனான்? சரி, விடு. கொழும்பில கந்தோர்க் கதிரையில இருக்கிறாய் எண்டு பத்திரகாளி கோயிலில கேக்கிற ஆக்களுக்கெல்லாம் நான்தான் சொல்லித் திரியிறன்.

2022 செப்டெம்பரில விலைவாசி ஒரு வருசத்தில 70 வீதமளவு ஏறினது. இப்ப குறைஞ்சிட்டுதாம். ஏறுற வேகம்தான் குறைஞ்சது, பால்மாப் பெட்டி பழைய விலைக்கு வந்ததோ? நீ சாப்பாட்டில மிச்சம் பிடிக்காதை.

போன ஞாயிறு வீடியோவில பிள்ளையைக் குளிப்பாட்டேக்க நீ குனிஞ்சாய். கழுத்தில தாலிக்கொடியில்லை, மஞ்சள் கயிறு. உடன நைட்டிக் கழுத்தை மேல இழுத்துவிட்டாய். நான் ஒண்டும் கேக்கேல்லை, தண்ணி சூடோ எண்டுதான் கேட்டனான்.

நீ பிறந்த 31ஆம் நாள் சடங்குக்கு அப்பம்மா உனக்குப் போட்ட காப்புச் சோடி, 90இல சண்டைக்குப் பயந்து ஓடேக்க சித்தியின்ர பையில இருந்து துலைஞ்சதெண்டுதானே உனக்குச் சொன்னது. அது பொய். மாசியிலயே அடைவுக்குப் போயிட்டுது. நான் சம்பளமில்லாத லீவில, அப்பாவுக்கும் காசு வராத நேரம், உனக்குப் பால்மா வாங்க வழியில்லை. அடுத்த மாதம் மீட்பம், அடுத்த மாதம் மீட்பம் எண்டு இருக்க, ஆனியில சண்டை துவங்கிட்டுது. திரும்பி வந்து பாத்தா அந்தக் கடையே இல்லை. அடைவுத் துண்டு மட்டும் என்ர கையில. அப்பாவுக்கும் தெரியாது.

சித்தி இண்டைக்கும் "அக்கா, அந்தப் பையை நான் கையில வச்சிருந்திருக்கலாம்" எண்டு துவங்குவாள். நானும் பெரிய மனுசி மாதிரி "விடு, பொருள்தானே" எண்டு அவளை மன்னிச்சுக்கொண்டிருக்கிறன். முப்பத்தஞ்சு வருசமா.

வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்கு வருவாள். சொல்லவேணும். சொல்லுவனோ தெரியேல்லை.

வேலைக்குப் போனா, பிள்ளைக்கு ஒரு வயசு மட்டும் பால் குடுக்க ஒரு நாளைக்கு 2 தரம் நேரம் தரவேணும். பிள்ளை பாக்கிற இடம் கந்தோரில இல்லாட்டி ஒவ்வொரு தரமும் 1 மணித்தியாலம். சட்டத்திலயே இருக்கு, கேக்கக் கூச்சப்படாதை. சரக்கைத் தனிய அவிச்சுக் குடிக்காதை, கறியில போடு.

மற்றது, உன்ர அடைவுத் துண்டில எந்தத் திகதி போட்டிருக்கு எண்டு எனக்கு மட்டும் மெசேஜ் போடு. பென்சன் 10ஆம் திகதி வரும்.

அம்மா