வரலாற்றுப் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். பிரித்தானிய அடிமை வணிக ஒழிப்பு என்றாலே நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் என்ற ஒற்றைப் பெயரையும், அடிமை வணிகத்தைத் தடைசெய்த சட்டத்தின் 1807, அடிமைமுறையையே ஒழித்த சட்டத்தின் 1833 என்னும் இரண்டு ஆண்டுகளையும் சொல்லிப் பாடத்தை முடித்துவிடும் வழக்கம் மாற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். புராட்டஸ்டண்ட் சபைகளின் சமூகச் சீர்திருத்தப் பணி நாடாளுமன்றத்தில் தொடங்கியதன்று. அச்சபையார் தம் சொந்த உறுப்பினர்களோடு நடத்திய நெடிய வாதத்திலேயே அது வேர்கொண்டது.

1688இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ஜெர்மன்டவுனில் நால்வர் கையொப்பமிட்டு, அடிமைமுறையை எதிர்த்து, தமக்குச் செய்யப்பட விரும்பாததைப் பிறருக்குச் செய்வது எவ்வாறு தகும் என்று கேட்டு, புராட்டஸ்டண்ட் பிரிவுகளுள் ஒன்றான தம் குவேக்கர் சபைக்கே விண்ணப்பம் எழுதினர். அச்சபையின் மேல்நிலைக் கூட்டங்கள் அதை ஏற்காமல் ஒதுக்கி வைத்தன. அடிமைகளை வைத்திருப்போருக்குச் சபையில் இடமில்லை என்று குவேக்கர்களின் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் விதித்தது 1776இல்தான். இடைப்பட்ட 88 ஆண்டுகள்தாம் பாடத்தில் விரிவாக வர வேண்டியவை என்பது என் உறுதியான கருத்து.

அக்காலத்தில் நியூஜெர்சியில் வாழ்ந்த ஜான் ஊல்மனை மாணவர்கள் அறிய வேண்டும். கடையில் எழுத்துவேலை பார்த்துவந்த இளம் வயதில், ஒரு கறுப்பினப் பெண்ணை விற்பதற்கான சீட்டை எழுதும்படி முதலாளி பணித்தபோது அவர் எழுதிக் கொடுத்தார். ஆனால் இது கிறிஸ்தவ நெறிக்கு ஒவ்வாதது என்று முதலாளியிடமும் வாங்கியவரிடமும் அப்போதே சொன்னார். பிற்காலத்தில், அடிமைகளை வாரிசுகளுக்கு விட்டுச்செல்லும் உயில்களை எழுத மறுத்தார். அடிமைகள் வேலை செய்யும் வீட்டில் விருந்தினராகத் தங்க நேர்ந்தால், அவர்களது உழைப்புக்கு உரிய கூலியைக் கொடுத்துவிட்டே புறப்பட்டார். உபசரித்தவர் முகம் சுளித்தாலும் அவர் அதை விடவில்லை.

1787இல் லண்டனில் அமைந்த ஒழிப்புக் குழுவின் 12 பேரில் 9 பேர் குவேக்கர்கள். சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்ததால் அவர்கள் நாடாளுமன்றத்தில் அமர இயலவில்லை. ஆகவேதான் ஆங்கிலிக்கரான (இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவரான) வில்பர்ஃபோர்ஸின் குரல் அவர்களுக்குத் தேவைப்பட்டது. லண்டன் நியூகேட் சிறையின் பெண் கைதிகளை 1813இல் சென்று கண்ட எலிசபெத் ஃப்ரையும் இதே குவேக்கர் மரபினர்தாம்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். கரீபியத் தீவான பார்படோஸின் காட்ரிங்டன் தோட்டங்களை நடத்திவந்தது ஆங்கிலிக்க மிஷன் சங்கம் ஒன்றே. அங்கிருந்த அடிமைகளின் உடலில் அச்சங்கத்தின் பெயரைச் சூடுபோட்டார்கள். அமெரிக்காவில் அடிமைமுறைப் பூசலால் 1844இல் மெதடிஸ்ட் சபையும் 1845இல் பாப்டிஸ்ட் சபையும் பிளவுபட்டபோது, இரு தரப்பாரும் ஒரே விவிலியத்தையே சான்று காட்டினர்.

விடுதலையை அடிமைகள் வெறுமனே பெற்றுக்கொண்டார்கள் என்பது போன்ற நடையையும் தவிர்க்க வேண்டுகிறேன். ஜமைக்காவில் 1831 கிறிஸ்துமஸ் நாள்களில் வேலைநிறுத்தமாகத் தொடங்கிக் கிளர்ச்சியாக மூண்ட எழுச்சியை வழிநடத்திய சாம் ஷார்ப், தானும் ஓர் அடிமையாக இருந்த பாப்டிஸ்ட் சபை உதவிக்காரர். 1832 மே மாதம் அவரைத் தூக்கிலிட்டனர். மறு ஆண்டே அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. இழப்பீடாக ஒதுக்கப்பட்ட 2 கோடிப் பவுனும் உடைமையாளர்களுக்கே போனது, உழைத்தவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. ஷார்ப்பின் பெயரும் இந்தத் தொகையும், வில்பர்ஃபோர்ஸ் இடம்பெறும் அதே பக்கத்தில், அடுத்த பதிப்பிலேயே அச்சேற ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர்