ஓசூர் வட்டார முலாம் பட்டறைகள் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், பட்டறை உரிமையாளர்கள், லைனில் நிற்கும் ஆபரேட்டர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு சங்கத்துக்கு அதிகம் வந்த புகார் ஒன்றுதான். துத்தநாக முலாம் போட்ட சரக்கு வாடிக்கையாளர் கிடங்கில் பெட்டியைப் பிரிக்கும்போதே வெள்ளை (துத்தநாகம் அரித்து வரும் வெள்ளைப் பொடி) பூத்திருக்கிறது. "மைக்ரான் பத்தவில்லை" என்று பல பட்டறைகளில் டேங்க் நேரத்தைக் கூட்டினார்கள். அதனால் துத்தநாகமும் கரண்டும் செலவானதே மிச்சம். சிவப்புத் துரு எப்போது வரும் என்பதுதான் முலாமின் கனத்தைப் பொறுத்தது. வெள்ளை பூப்பதற்குப் பேசிவேஷனையும் (முலாமைக் காக்க அதன் மேல் ஏற்றும் மெல்லிய குரோமியப் படலம்) அதற்குப் பின் வரும் கழுவலையும் பார்க்க வேண்டும். சதுர டெசிமீட்டருக்கு 2 ஆம்பியர் கொடுத்தால் 8 மைக்ரான் ஏற 15 நிமிடம் போதும்.

டிரைவேலன்ட் (மூவிணைதிறன் குரோமியம்) பேசிவேஷன் தொட்டியில் பிஎச் 1.8 முதல் 2.2 வரை நிற்கட்டும். சப்ளையர் தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். தொட்டிக்குள் விழுந்த நட்டை அன்றன்றே காந்தத்தால் எடுத்துவிட வேண்டும். அது கரைந்து இரும்பு ஏறினால் நீல நிறம் மஞ்சளடிக்கும், சால்ட் ஸ்ப்ரே (உப்புநீர் தெளிப்பு) சோதனையில் சீக்கிரமே வெள்ளை வரும். கடைசிக் கழுவலுக்கு நம்மூர் போர் தண்ணீர் ஆகாது. சுண்ணாம்பு உப்பு காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும்; ஆர்.ஓ. தண்ணீரே வேண்டும். நட்டின் மரைக்குள் ஈரம் இருக்கும்போதே பிளாஸ்டிக் பையில் கட்டினால், மற்றதெல்லாம் சரியாகச் செய்தும் பயனில்லை. 60 முதல் 70 டிகிரியில் நன்றாக உலர்த்தி, சூடு ஆறிய பிறகு கட்டுங்கள்.

தண்ணீர்ச் செலவைப் பற்றியும் பேசினோம். சரக்கோடு ஒட்டி வரும் 1 லிட்டர் கரைசலை ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்க்கச் செய்ய, ஒற்றைத் தொட்டியில் 1000 லிட்டர் வேண்டும். எதிரோட்டமாக, அதாவது சரக்கு போகும் திசைக்கு எதிராகத் தண்ணீர் ஓடும்படி, இரண்டு தொட்டி வைத்தால் சுமார் 32 லிட்டரில் முடியும். பேரலை (சரக்கு போட்டுச் சுழற்றும் துளையிட்ட உருளை) டேங்கிலிருந்து தூக்கியதும் 15 விநாடி டேங்க் மேலேயே வடியவிட்டால் அதிலும் மிச்சம்.

குளிர்காலத்தில் ஆசிட் துத்தநாக டேங்க் பல இடங்களில் படுத்தியது. மார்கழிக் காலையில் கரைசல் ஆறிக் கிடக்க, கரைசலில் உள்ள போரிக் அமிலம் ஆனோடு (துத்தநாகத் தகடு) பைகளில் உப்பாகக் கட்டிக்கொள்கிறது, ஓரங்கள் கருகுகின்றன. பிரைட்னர் (பளபளப்பு தரும் மருந்து) ஊற்றினால் தீராது. ஹீட்டர் போட்டு 25 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகு ஹல் செல் (கரைசலைச் சிறு தொட்டியில் ஊற்றித் தகட்டில் முலாம் போட்டுப் பார்க்கும் சோதனை) பாருங்கள். டேங்கில் இரும்பு சேர்ந்திருந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீரில் கலந்து, கிளறிக்கொண்டே சிறிது சிறிதாக விட்டு, வடிகட்டி எடுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் பிரைட்னரும் சேர்ந்து போய்விடும்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 12.9 தரப் (மிக உயர் வலிமை) போல்ட், ஸ்பிரிங் வாஷர் போன்ற கடினச் சரக்கை ஆசிடில் ஊறப்போட்டு மறந்துவிடக் கூடாது. ஆசிடிலும் முலாம் டேங்கிலும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகும். முறுக்கி வைத்த போல்ட் சில மணி நேரமோ சில நாளோ கழித்துத் தலை தெறிக்கும். முலாம் முடிந்த 4 மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரியில் அடுப்பில் வேகவைத்து (பேக்கிங்) ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். எத்தனை மணி நேரம் என்பதை அந்தச் சரக்கின் வரைபடத்தில் (டிராயிங்) பாருங்கள். பேசிவேஷன் அதற்குப் பிறகுதான், முன்னால் போட்டால் சூட்டில் படலம் வெடித்துவிடும். வேகவைக்கும் அடுப்பிலிருந்து வந்த சரக்கை மிக நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஒரு முக்கு முக்கிய பின் பேசிவேட் செய்தால் நிறம் சீராக வரும். ஆர்டரில் "பேக்கிங்" என்று எழுதவில்லையே என்று இருந்துவிடாதீர்கள், கடினத்தன்மையைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கழிவுநீரில் அனுமதி அளவு ஹெக்ஸாவேலன்ட் (ஆறிணைதிறன், நச்சுள்ள) குரோமியத்துக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், துத்தநாகத்துக்கு 5. பிஎச்சை 9-ஐ ஒட்டி நிறுத்தினால் துத்தநாகம் படிந்துவிடும். "இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு" என்று 11 தாண்டினால் படிந்தது மீண்டும் கரையும். சோதனையில் தவறிய மாதிரிகள் சில இப்படித்தான் தவறின.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அடுத்த மாதம் ஹல் செல் பயிற்சி. முதலாளிகள் மட்டும் வராமல் டேங்க் பார்க்கும் ஆளையும் அனுப்புங்கள். ஹல் செல் தொட்டி ஒரு தடவைக்கு 267 மில்லி கரைசல் பிடிக்கும். அவரவர் டேங்கிலிருந்து 1 லிட்டர் கரைசலை மூடிய பாட்டிலில், பட்டறைப் பெயரும் எடுத்த நேரமும் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்