கட்சி மாறிய ட்ரூயிட்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. நான் விசாரித்ததாக அவரிடம் சொல். பதில் தாமதமானதற்கு வேலைப்பளு காரணமல்ல, உன் கடிதத்தின் கடைசிப் பத்திதான் காரணம். உன் கணக்கில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டை ஆடத் தொடங்கியிருக்கும் இளமதி, தன் பாண்டாரனை, அதாவது பாண்டா உருவப் பாத்திரத்தை, அங்குள்ள இரண்டு எதிரெதிர்க் கட்சிகளில் அலையன்ஸில் சேர்ப்பதா ஹோர்டில் சேர்ப்பதா என்று கேட்டதாகவும், "மாமாவைக் கேள், இரண்டு பக்கத்துச் சோற்றையும் தின்றவன் அவன்தான்" என்று நீ சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். கேலியாகத்தான் எழுதியிருப்பாய். ஆனால் 2010இல் நான் செய்ததைப் பற்றி நாம் இருவரும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை என்பதால் அந்த வரியை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

முதலில் குழந்தையின் கேள்வி. பழைய இனங்களுக்கெல்லாம் பிறப்பிலேயே கட்சி முடிவாகிவிடும். ஓர்க் பிறந்தால் ஹோர்டு, குள்ளன் பிறந்தால் அலையன்ஸ். 2012இல் வந்த பாண்டாரன்தான் முதன்முதலாக எந்தக் கட்சியிலும் சேராமல் ஒரு பெரிய ஆமையின் முதுகில் விளையாட்டைத் தொடங்கி, அங்குள்ள கதை முடிந்த பிறகு தன் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது. அதுவரை உடன் வந்த அய்சா அலையன்ஸுக்கும் ஜி ஹோர்டுக்கும் பிரிந்து போவார்கள், நீ யாருடன் போகிறாய் என்று கேட்கப்படும், சொன்ன பதிலைப் பிறகு மாற்ற வேண்டுமானால் காசு கொடுத்துத்தான் மாற்ற வேண்டும். ஒருவர் இந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லாமல் அந்த ஆமையின் மேலேயே தங்கி, மூலிகை பறித்தும் தாது வெட்டியும் மட்டுமே அன்றைய உச்சமான 90ஆம் லெவலை எட்டினார் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். அவ்வளவு பொறுமை இளமதிக்கு வேண்டாம். அய்சா, ஜி இருவரில் யாரோடு நடந்தபோது அவளுக்குப் பிடித்திருந்ததோ அவர்களோடு போகச் சொல். அந்தத் திறமை, இந்தத் திறமை என்று கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கணக்குப் பார்த்துத்தான் நான் போனேன்.

நாம் ஐரோப்பிய சர்வரில் இருந்த காலம் உனக்கு மறந்திருக்காது. அங்கே இரவு எட்டு மணிக்கு ரெய்டு, அதாவது கூட்டமாகச் சேர்ந்து பெரிய எதிரிகளைத் தாக்கும் ஆட்டம், என்றால் குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. நீ ஓர்க் வீரன், நான் உன்னைக் குணப்படுத்திச் சாகாமல் பார்த்துக்கொள்ளும் ட்ரூயிட், டாரன் இனம். ஐஸ்கிரவுன் கோட்டையில் புரொஃபசர் புட்ரிசைடு என்ற எதிரியிடம் நம் கில்டு, அதாவது நம் ஆட்டக்காரர் குழு, வாரக்கணக்கில் முட்டி மோதிக்கொண்டிருந்தபோது, அதே சர்வரில் அலையன்ஸ் பக்கத்து கில்டு ஒன்று அந்தக் கோட்டையின் கடைசி எதிரியான லிச் கிங்கை நெருங்கியிருந்தது, அவர்களுக்குக் குணப்படுத்தும் ட்ரூயிட் ஒருவர் தேவைப்பட்டார். கட்சி மாறும் சேவை 2009 செப்டம்பரில்தான் வந்திருந்தது. கட்டணம் 30 டாலர், அன்றைய மதிப்பில் ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல். அந்தச் சமயத்தில் ஹோர்டில் டாரனும் அலையன்ஸில் நைட் எல்ஃபும் மட்டுமே ட்ரூயிட் ஆக முடியும் என்பதால் எந்த இனமாக மாறுவது என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

மாறுவதற்கு முன் ஏல விடுதியில் நம் பொருள் எதுவும் இருக்கக் கூடாது, தபால் பெட்டியும் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. அன்றிரவு அந்தப் பெட்டியைக் காலி செய்ய உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் நீ அனுப்பியவை. இருபது இருபதாகக் கட்டி அனுப்பிய மூலிகைகள், ஒரு பழைய கைத்தடி, "இது உனக்கு ஆகும்" என்று ஒரு வரிக் குறிப்பு. ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டேன். உன்னிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. சொன்னால் நீ தடுக்க மாட்டாய், "போய் வா" என்றுதான் சொல்வாய் என்பதும் தெரியும். அதைக் கேட்கத்தான் எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

மறுபடி உள்ளே நுழைந்தபோது எனக்கு அதிர்ச்சி தந்தது புதிய உடல் அல்ல, நற்பெயர்ப் பட்டியல். டாரன்களின் தண்டர் பிளஃப் நகரத்துக்காக மாதக்கணக்கில் ஓடியாடிச் சம்பாதித்த மதிப்பு அப்படியே நைட் எல்ஃப்களின் டார்னாஸஸ் நகரத்தின் பெயரில் ஏறியிருந்தது. ஒரு நாளும் ஊழியம் செய்யாத ஊரில் எனக்கு உச்ச மரியாதை! நான் முன்பு யாராக இருந்தேன் என்பதற்கு அந்த ஊரில் ஒரு சாட்சியும் இல்லை. ஒரு காவலனாவது என்னைச் சந்தேகத்தோடு பார்த்திருந்தால் மனது கொஞ்சம் ஆறியிருக்கும்.

இரண்டு வாரம் கழித்து தலாரனில் உன்னைப் பார்த்தேன். இரு கட்சியினரும் சண்டையில்லாமல் உலவும் நகரம் அல்லவா? நீரூற்றின் ஓரத்தில் நின்று தூண்டில் போட்டு நாணயம் பிடித்துக்கொண்டிருந்தாய். நானும் பக்கத்தில் நின்று தூண்டில் போட்டேன். "மச்சான்" என்று தட்டச்சு செய்தேன். எதிர்க்கட்சி பேசுவதை நம் திரையில் வேறொரு பாஷையாக மாற்றிக் காட்டுவது அந்த விளையாட்டின் ஏற்பாடு; அலையன்ஸ்காரன் "லோல்" என்று எழுதினால் ஹோர்டு பக்கம் "பர்" என்று தெரியும். என் மச்சான் உனக்கு என்னவாகத் தெரிந்தானோ, நீ எழுதிய பதிலும் எனக்குப் புரியவில்லை. பிறகு நீ கையசைத்தாய். அந்தச் சைகைக்கு மட்டும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு ஓர்க் நடையில் நீ போய்விட்டாய். அதன் பிறகு மூன்று மாதம் நான் உனக்குத் தொலைபேசியில்கூடப் பேசாததற்குக் காரணம் பரீட்சை என்று சொன்னேன். பரீட்சை இல்லை.

அப்போதிருந்து இந்தக் கட்சித் தாவலைப் பற்றி அவ்வப்போது யோசிப்பதுண்டு. 2004 நவம்பரில் வார்கிராஃப்ட் வெளிவந்த அதே மாதத்தில் வந்த எவர்க்வெஸ்ட் 2 என்ற விளையாட்டில் இதை வேறு மாதிரி வைத்திருந்தார்கள். கெய்னோஸ் நகரத்தைக் காட்டிக்கொடுத்தவன் நேரே எதிரி நகரமான ஃப்ரீபோர்ட்டுக்குள் போய்விட முடியாது. முதலில் நாடு கடத்தப்பட்டவனாகி, ஹேவன் என்ற மறைவிடத்தில் ஒதுங்கி, இரண்டு ஊர்க் காவலர்களும் வெட்ட வருகிற நிலையில், புதிய ஊரின் நம்பிக்கையைச் சிறுகச் சிறுகச் சம்பாதிக்க வேண்டும். தர்மவீரனான பாலடின் அந்தப் பக்கம் போனால் பாலடினாகவே இருக்க முடியாது, ஷேடோநைட் ஆகிவிடுவான். வார்கிராஃப்டுக்குள்ளேயே ஷட்ராத் நகரத்தில் இதன் சிறு வடிவம் இருந்தது நினைவிருக்கிறதா? அங்கே ஆல்டர், ஸ்க்ரையர் என்று இரண்டு எதிரெதிர்க் குழுக்கள்; ஆல்டரிடம் நற்பெயர் 10 புள்ளி ஏறினால் ஸ்க்ரையரிடம் 11 புள்ளி இறங்கும். மனம் மாறி ஸ்க்ரையர் பக்கம் திரும்பியவன் பாசிலிஸ்க் என்ற பல்லி மிருகத்தின் கண்களை எட்டு எட்டாகக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். எரிச்சலான வேலைதான். ஆனால் எட்டு எட்டாகக் கண்களைச் சேர்ப்பவனுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று யோசிக்க நேரம் இருக்கிறது. பணம் கட்டியவனுக்கு அது கிடைப்பதில்லை.

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டை ஆடுகிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே கட்சி என்பதே ஆட்டக்காரர்கள் கட்டியது. 2009 பிப்ரவரியில் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் கூட்டணியின் உயர்பொறுப்பில் இருந்த ஒருவர் எதிரிகளான கூன்ஸ்வார்மிடம் சேர்ந்து, தனக்கிருந்த அதிகாரத்தைக் கொண்டே கூட்டணியைக் கலைத்துவிட்டார். வருடக்கணக்கில் கட்டியது ஒரே நாளில் போயிற்று, பழைய பெயரைக்கூட மீட்க முடியாமல் வேறு பெயரில்தான் மறுபடி கூட வேண்டியிருந்தது. அதோடு ஒப்பிட்டால் நான் செய்தது ஒன்றுமே இல்லை என்று ஒரு காலத்தில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எதிரிக்காக வேலை செய்தார், நான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை என்பது என் வாதம். ட்ரூயிட் இல்லாததால் அடுத்த வாரம் உங்கள் ரெய்டு நடக்கவே இல்லை என்பதைப் பிறர் சொல்லிக் கேட்டபோது அந்த வாதம் சுருங்கிப்போனது.

லிச் கிங்கை நாங்கள் கொன்றோம். கிங்ஸ்லேயர் பட்டம் இன்னும் என் பெயரோடு இருக்கிறது. அந்த கில்டில் ஒருவர் பெயரும் இப்போது எனக்கு நினைவில்லை.

2022 மே மாதத்திலிருந்து இரு கட்சியினரும் ஒரே குழுவில் ரெய்டு போகலாம், அடுத்த ஆண்டிலிருந்து ஒரே கில்டிலும் இருக்கலாம் என்று ஆகிவிட்டது. கட்சி என்பதன் சுவையே போயிற்று என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. எனக்கு மட்டும் அந்த அறிவிப்பைப் படித்தபோது பன்னிரண்டு வருடம் பிந்தி வந்த தந்தி மாதிரி இருந்தது. மறுபடி காசு கட்டி டாரனாகத் திரும்பலாமா என்று ஒரு முறை யோசித்து, விட்டுவிட்டேன். நைட் எல்ஃபாகவே இருக்கட்டும். தாவியவன் தாவியவனாகவே தெரிவதுதான் சரி.

ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு நார்த்ரெண்டில் உள்ள பழைய தலாரனின் நீரூற்றுக்கு வருகிறேன், இளமதியையும் அழைத்து வா. வந்ததும் நட்புப் பட்டியலிலிருந்து என்னைக் குழுவில் சேர்த்துக்கொள். அதற்கு முன் எதையும் எழுதிவிடாதே, எனக்குப் புரியாது.

அன்புடன்,
குமரன்