பாடகருக்கும் பங்கு கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் இப்பகுதியில் வந்த ஒரு கடிதத்தைப் படித்தேன். கிறிஸ்தவ இசைக் கலைஞர்கள் கூட்டங்களுக்கு ரேட் பேசுவது வேதனையாக இருக்கிறது, ஆண்டவர் சும்மா கொடுத்த தாலந்தை, அதாவது திறமையை, விற்கலாமா என்று அந்த வாசகர் கேட்டிருந்தார். விசுவாசத்தோடு கேட்டிருக்கிறார், அதனால் நானும் அப்படியே பதில் எழுதுகிறேன். நான் பாளையங்கோட்டையில் கீபோர்டு வாசித்தும், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தும், பாட்டுகளுக்கு இசைக்கோர்ப்பு செய்து கொடுத்தும் குடும்பம் நடத்துகிறவன். வேறு தொழில் எனக்கு இல்லை.

"இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்ற வசனத்தைத்தான் எல்லோரும் எங்களிடம் எடுத்துக் காட்டுகிறார்கள். மத்தேயு 10-ஆம் அதிகாரம், 8-ஆம் வசனம். சீஷர்களை நோயாளிகளிடம் அனுப்பும்போது இயேசு சொன்னது. அதே பேச்சில் 10-ஆம் வசனத்துக்கு வந்தால், வேலையாள் தன் சாப்பாட்டுக்கு உரியவன் என்றும் அவரே சொல்கிறார். 8-ஐப் படித்துவிட்டு 10-க்கு முன்னால் வேதத்தை மூடிவிடுவது சரியில்லை.

நெகேமியா புத்தகத்தின் கடைசி அதிகாரத்தை நம் கமிட்டிக்காரர்கள் ஒருமுறை படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். யூதருக்கு அதிபதியாக இருந்த நெகேமியா, ராஜாவிடம் போய்விட்டு எருசலேமுக்குத் திரும்பி வந்து பார்க்கிறார். ஆலயத்தில் பணிவிடை செய்த லேவியரையும் பாடகரையும் காணோம். அவர்களுக்குச் சேர வேண்டிய பங்கை யாரும் கொடுக்கவில்லை, அதனால் அவரவர் வயலுக்குப் போய்விட்டார்கள். நெகேமியா பாடகரைக் கூப்பிட்டு, உங்களுக்கு பக்தி இல்லையா என்று கேட்கவில்லை. தலைவர்களைத்தான் கடிந்துகொண்டார். அப்புறம் நம்பிக்கையான ஆட்களைப் பொக்கிஷ அறைகளுக்குப் பொறுப்பாக வைத்து, பங்கு ஒழுங்காகப் போய்ச்சேர வழி செய்தார். என்னிடம் படித்த பையன்களில் நல்ல கை உள்ளவர்கள் சிலர் இன்று மருந்துக் கம்பெனி வேலையிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். வாத்தியத்தை விரும்பியா விட்டார்கள்? வீட்டு வாடகை கொடுக்க வேண்டுமே.

நடப்பதைச் சொல்கிறேன். மூன்று நாள் கன்வென்ஷனுக்கு, அதாவது நற்செய்திக் கூட்டத்துக்கு, கமிட்டி கூடி பட்ஜெட் போடும். பந்தல், மைக் செட், ஜெனரேட்டர், போஸ்டர், ஃப்ளெக்ஸ், வெளியூர்ப் பிரசங்கியாருக்கு ரூம், சாப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை இருக்கும். கடைசியில் 'பாடகர் குழு – அன்பின் காணிக்கை' என்று ஒரு வரி. அதற்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதியிருக்காது. கடைசி நாள் இரவு, சேர்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு கவரை ஜெபம் பண்ணிக் கையில் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் வண்டி வாடகைக்கே பற்றாது. ஒரு ஊரில் அந்தக் கவரும் இல்லை. "காணிக்கை கம்மியா விழுந்துட்டு பிரதர், ஊழியமா நெனச்சுக்கோங்க" என்றார்கள். அதே மேசையில் மைக் செட்காரர் தன் பாக்கியை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வேலை செய்தார், கூலி வாங்கினார்.

எங்கள் வேலை வெளியே தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். பாட்டு லிஸ்ட் முந்தின இரவுதான் வாட்ஸ்அப்பில் வரும். பாடுகிற அக்காவுக்கு ஜி சுருதியில் குரல் ஏறாது, எஃப்-க்கு இறக்க வேண்டும். மறுநாள் அதே பாட்டை வேறொருவர் பாடுவார், அவருக்கு ஏ வேண்டும். பழைய கீர்த்தனைகளை ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் மாற்றிப் பாடுவார்கள், அந்த ஊர் மெட்டை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பிரசங்கியார் ஜனங்களை மனந்திரும்பச் சொல்லி அழைப்புக் கொடுக்கும்போது பின்னால் மெல்ல வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்த வார்த்தையில் நிறுத்திவிட்டுப் பாட்டுக்குப் போவார் என்று தெரியாது, கண்ணை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். இது பல வருடம் காசு கொடுத்துக் கற்ற வேலை.

என்னோடு தபேலா வாசிக்க வருகிற தம்பி கிறிஸ்தவர் இல்லை. கோயில் கொடைகளுக்கு வாசிக்கிறவர். அங்கே பேசின பணம் அன்றைக்கே கைக்கு வந்துவிடும் என்று சொல்வார். நம் கூட்டத்தில் கவர் எப்படி இருந்தாலும் அவர் சம்பளத்தை நான் என் கையிலிருந்து கொடுத்துவிடுகிறேன். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு நிருபம் 5-ஆம் அதிகாரம் சொல்கிறதே, அதைப் பிரசங்கிக்கிற மேடைக்கே அந்தத் தம்பி வந்து வாசிக்கிறார். நம்மைப் பற்றி அவர் என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

விசுவாசத்தையும் கைத்திறமைக்கான கூலியையும் எதிரெதிராக நிறுத்துவது நம் ஊர் வழக்கமே இல்லை. என் பாட்டிக்கு ஊர் இடையன்குடி. அங்கே கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியதோடு லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார். அவர் நாகர்கோவில் மிஷனெரிகளான மால்ட் தம்பதியின் மகள். நாகர்கோவிலில் லேஸ் வேலையை வளர்த்ததில் அவருடைய தாயாருக்குப் பெரிய பங்கு உண்டு. என் பாட்டி காலத்திலும் அந்த வேலை இருந்தது. உருளைத் திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றின சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார். கை போகிற வேகத்தில் கட்டைகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். பின்னிய நீளத்துக்கு ஏற்ற கூலி. அந்தக் கூலியில்தான் என் அப்பா படித்தார். ஆண்டவர் தந்த விரல்களுக்குக் காசா என்று பாட்டியிடம் யாரும் கேட்டதில்லை.

1774-இல் இதே பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் தஞ்சாவூரில் சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்ற கவிஞர். அரண்மனைப் பணத்தில் சாப்பிட்டவர் எழுதிய கீர்த்தனைகளைத்தான் நாம் இன்றைக்கும் உருகிப் பாடுகிறோம். மேலை இசைக்குப் போனால் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக். தேவனுக்கு மட்டுமே மகிமை என்று பொருள்படும் மூன்று எழுத்துகளைத் தன் சபை இசைத்தாள்களின் முடிவில் போட்டவர். அவர் 1730-இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், போன வருடம் தான் வேலை பார்த்த லைப்சிக் நகரில் காற்று நன்றாக இருந்ததால் சாவு குறைந்து, அடக்க ஆராதனைகளில் வர வேண்டிய வருமானத்தில் 100 தாலருக்கு (அந்தக் கால ஜெர்மன் வெள்ளி நாணயம்) மேல் போய்விட்டது என்று சொல்கிறார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசை கிரேடு தேர்வுக்குப் பாக்கை வாசிக்கும் என் மாணவர்களுக்கு இந்தக் கடிதத்தையும் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கு பால் வாங்க வேண்டிய கவலை அவருக்கும் இருந்தது என்று அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

என் சொந்த சபையில் ஞாயிறு ஆராதனைக்கு நான் காசு வாங்குவதில்லை. இனியும் வாங்கமாட்டேன், அது என் காணிக்கை. ஓட்டுக் கொட்டகையில் கூடுகிற சின்ன சபைகள் கூப்பிட்டாலும் அப்படித்தான் போகிறேன். காணிக்கை என்பது நானாகக் கொடுப்பது. என்னைக் கேட்காமல் இன்னொருவர் என் கூலியை எடுத்துக் காணிக்கையாக வரவு வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு.

பாட்டு எழுதுகிறவர்கள் நிலையும் இதேதான். ஆராதனையில் அவர்கள் பாட்டைப் பாட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டமே வழிபாட்டுக்கு அந்த விலக்கைத் தருகிறது. ஆனால் அதே பாட்டைப் புதிதாக ரெக்கார்டு பண்ணி யூடியூபில் போட்டு வருமானம் பார்க்கிறவர்கள் எழுதினவரின் பெயரைக்கூடப் போடுவதில்லை. கேட்டால் எல்லாம் ஆண்டவருடையது என்கிறார்கள்.

டிசம்பர் வரப்போகிறது. கேரல் ஆராதனைக்கும் கிறிஸ்துமஸ் விழாக்களுக்கும் கமிட்டிகள் கணக்குப் போடுகிற நேரம் இது. இசைக் குழுவைக் கூப்பிடும்போதே தொகையைச் சொல்லிவிடுங்கள். குறைவுதான் என்றால் குறைவு என்றே சொல்லுங்கள். முடிந்தால் வருவோம், முடியாவிட்டால் வேறு ஆளைக் கைகாட்டுவோம். ஒன்றுமே தர முடியாதென்றால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள், நாங்கள் மனதாரக் காணிக்கையாகக் கொடுக்க அப்போது வழி இருக்கும். பேசின தொகையை மட்டும், மைக் செட்டுக்குக் கொடுக்கிற அதே இரவில் கொடுத்துவிடுங்கள். தபேலாக்காரருக்கும் ரிதம் பேடு வாசிக்கிறவருக்கும் வேன்காரருக்கும் கணக்கு முடித்துவிட்டுத்தான் நாங்கள் வீட்டுக்குப் போக முடியும்.

இப்படிக்கு,
கீபோர்டு இசைக் கலைஞர் ஒருவர்,
பாளையங்கோட்டை.