செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அய்யா அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, வருகை தந்துள்ள உறுப்பினர்களே, வராமல் இருந்துவிட்டு வாட்ஸ்அப்பில் இதைப் படிக்கப்போகும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தாம்பரம் வட்டாரத்தில் செல்லமாகப் பாம்பு வளர்ப்போருக்கான நம் சங்கம் நான்காம் ஆண்டை முடித்திருக்கிறது. உறுப்பினர்கள் 41 பேர். செயற்குழு ஆறு முறை கூடியிருக்க வேண்டும். நான்கு முறை கூடியது. கிண்டி பாம்புப் பண்ணைக்குக் குடும்பத்தோடு ஒருநாள் போய்வந்தோம். பாம்புப் பேன் பற்றி ஒரு கால்நடை மருத்துவர் வந்து பேசினார். வங்கிக் கணக்கில் முகவரி மாற்றப் போனபோது, விண்ணப்பத்தில் ‘பால் பைத்தான்’ என்றிருந்ததைப் பார்த்த அலுவலர் நம்மைப் பால் கூட்டுறவு சங்கம் என்றே நினைத்துவிட்டார். தொட்டால் பந்து போலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்கப் பாம்பு என்று விளக்கியதும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். வேலை முடிந்தது.

2024 பிப்ரவரி இறுதியில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, நம்மிடம் உள்ள பால் பைத்தான்களை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய ஆறு மாதம் அவகாசம் இருந்தது. என்னிடம் கேட்ட எல்லோருக்கும் நானே உட்கார்ந்து பதிவுசெய்து கொடுத்தேன். பிறப்பு, இறப்பு, கைமாற்றம் மூன்றையும் தெரிவிக்க வேண்டும் என்பதைப் பதிவோடு மறந்துவிடாதீர்கள். குஞ்சு பொரிக்க வைப்பவர் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். இரண்டாவது, பாம்பு வாழும் பெட்டி.

பெட்டித் திட்டத்துக்கு வருகிறேன். ‘செயலாளருக்கு வேறு வேலை இல்லை’ என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியவரும் இன்று வந்திருக்கலாம். ஆகையால் விரிவாகவே சொல்கிறேன்.

கடந்த ஆண்டு பொதுக்குழுவில் பதினான்கு பேர் ஜோடி சேர்க்கப் போவதாகச் சொன்னீர்கள். எந்த வண்ண ரகத்தோடு எந்த ரகம் என்று ஒன்றரை மணி நேரம் பேசினீர்கள். ஸ்பைடர் என்ற வண்ண ரகத்துக்குப் பிறவிக் கோளாறாகத் தலையாட்டம் கூடவே வரும் என்று நான் சொன்னபோது தேநீர் வந்துவிட்டது. பாம்பு எதில் இருக்கிறது என்று அன்று யாரும் கேட்கவில்லை. விசாரித்தால், பாதிப்பேர் கொளத்தூரில் வாங்கிய மீன் தொட்டியில் வைத்திருக்கிறார்கள். மீனுக்கு அது சரி. பாம்புக்கு மேலிருந்து கை இறங்கினால் பருந்து இறங்குவதாகத்தான் தெரியும். பயந்த பாம்பு தின்னாது. மேலே வலை மட்டும் இருந்தால் ஏசி போட்ட அறையில் ஈரப்பதம் நிற்காது, தோல் துண்டுதுண்டாக உரியும். தோல் ஒழுங்காக உரியாத பாம்பை முட்டைக்குத் தயார்செய்வது எப்படி?

ஆகவே சங்கத்தின் சார்பில் ஒரு மாதிரிப் பெட்டி செய்தோம். நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம். பிளைவுட் வேண்டாம் என்று முதலிலேயே முடிவுசெய்தோம். ஐப்பசி மழையில் ஊதிவிடும். சமையலறை அலமாரிக்குப் போடும் பிவிசி போர்டு, முன்பக்கம் நகரும் கண்ணாடி, நகைக்கடை ஷோகேஸுக்குப் போடும் பூட்டு. அடியில் நன்றாக அலசிய தேங்காய் நார்க் கழிவு. ஒளிந்துகொள்ள, விளிம்பில் ஒரு வாசல் வெட்டிக் கவிழ்த்த மண்சட்டிகள் இரண்டு: சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒரே சட்டி வைத்தால், பாம்பு ஒளிவதா வெப்பம் தேடுவதா என்று ஒன்றை விட்டுத்தான் ஒன்றைப் பெற வேண்டியிருக்கும்.

சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27, ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எடுத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் சூடேற்றுவதைப் பற்றியே கேட்கிறீர்கள். நம் ஊரில் சிக்கல் தலைகீழ். மே மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் குளிர்ந்த பக்கம் என்று ஒன்றே இருக்காது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கருவி சூட்டை நிறுத்தத்தான் செய்யும், குளிர வைக்காது. பெட்டியைக் கீழ்த்தளத்தில், வெயில் படாத சுவரோரம் வையுங்கள்; பரண் மேல் வைக்காதீர்கள்.

மாதிரிப் பெட்டியில் ஒரு குறை இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் எழுந்து சொல்ல வேண்டாம். பின்பக்கம் ஒயர் போக விட்ட ஓட்டை பெரிதாகிவிட்டது. முதல் வாரமே ஒரு குட்டி அதன் வழியாக வெளியேறி, நான்காம் நாள் என் வீட்டு ஃபிரிட்ஜின் பின்னால், கம்ப்ரசரை ஒட்டிக் கிடைத்தது. ஓட்டை போட்டது ஆசாரி. அளவு சொன்னது நான். அந்த நான்கு நாளும் என் மாமியார் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார் என்பதையும் பதிவில் சேர்க்க விரும்புகிறேன். ஓட்டை அன்றே அடைக்கப்பட்டது.

பெட்டியைப் பார்க்க இரண்டு ஞாயிறுகள் ஒதுக்கினோம். முதல் ஞாயிறு ஏழு பேர், இரண்டாவது ஞாயிறு மூன்று பேர். அதில் ஒருவர் முகவரி தவறி வந்தவர். பிறகு நானே ஒன்பது வீடுகளுக்குப் போனேன். மூன்று வீடுகள், நேரம் கொடுத்தும், பூட்டிக் கிடந்தன. பெட்ரோல் என் செலவு.

ஜோடி சேர்க்க எத்தனை பெட்டி வேண்டும் என்று கேட்டால் ‘இரண்டு’ என்கிறீர்கள். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. சேர்க்கும்போது மட்டும் ஆணைப் பெண்ணின் பெட்டியில் விட்டு, பிறகு எடுத்துவிட வேண்டும். நான்கிலிருந்து ஆறு முட்டை வரும் என்று வையுங்கள். முட்டைக்குத் தனியாக ஒரு தெர்மோகோல் பெட்டி; 31, 32 டிகிரி, ஏறக்குறைய 55 முதல் 60 நாள். நடுவில் மின்சாரம் போனால் இன்வர்ட்டர். பொரிந்த குட்டிகளுக்கு ஆளுக்கொரு சின்ன டப்பா. பெரிய பெட்டியில் விட்டால் மிரண்டு தின்னாது. எண்ணிப் பாருங்கள், ஒன்பது வரை வந்துவிடும். ஒன்பதையும் வீட்டில் எங்கே வைப்பது என்பதை ஜோடி சேர்ப்பதற்கு முன் வீட்டம்மாவிடம் கேட்டுவிடுங்கள்.

பெயர் சொல்லாமல் ஒன்று சொல்கிறேன். நம் உறுப்பினர் ஒருவர் நவம்பரில் ஆணையும் பெண்ணையும் ஒரே மீன் தொட்டியில் போட்டுவிட்டார். பெண் 1,100 கிராம். 1,500 கிராமாவது வரட்டும் என்று நான் மூன்று முறை சொன்னேன். குழுவில் அந்தச் செய்திகள் இருக்கின்றன. சினைக்காலத்தில் பல மாதம் அது தின்னாது, உடம்பிலிருந்துதான் முட்டைக்கு எடுக்கும். மார்ச்சில் நான்கு முட்டை, மூன்று கூமுட்டை. தாய் எலும்பும் தோலுமாக ஆயிற்று. இரவு பதினொன்றுக்கு எனக்குப் போன்: ‘சங்கம் என்னதான் செய்யுது?’ கிளம்பிப் போனேன், என் தெர்மோகோல் பெட்டியைக் கொடுத்தேன். மீதி ஒன்று பொரிந்தது. அதை எதில் வைப்பது என்று அடுத்த போன். அவருடைய சந்தா இரண்டு ஆண்டாக நிலுவை.

சந்தா பற்றி. ஆண்டுக்கு 600 ரூபாய். 41 பேரில் 23 பேர் கட்டியிருக்கிறார்கள். ‘அடுத்த கூட்டத்தில் தருகிறேன்’ என்றவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வருவதில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. வரவும் செலவும் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று சரியாகிவிட்டன. பெட்டிச் செலவு மதிப்பிட்டதைவிடச் சற்றுக் கூடியது, பூட்டும் கண்ணாடியும்தான் காரணம். விவரம் பொருளாளரிடம் உள்ளது. அவர் இன்று ஊரில் இல்லை.

கூட்டத்துக்கு இடம் தந்த மண்டப உரிமையாளருக்கும், கட்டணம் வாங்காத மருத்துவருக்கும், பொறுமையான ஆசாரிக்கும், தலைவர் அய்யாவுக்கும் நன்றி.

வரும் ஆண்டு இந்தப் பொறுப்பை வேறொருவர் ஏற்பதென்றால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். கோப்புகள் தயார். போன முறையும் இதையே சொன்னேன், யாரும் கை தூக்கவில்லை. ஆகவே ஒருவேளை நானே தொடர நேர்ந்தால் ஒரு துணைச் செயலாளர் வேண்டும், பைக் வைத்திருப்பவராக இருந்தால் நல்லது. பெட்டியைப் பார்க்காமல் ஜோடி சேர்ப்பவருக்குச் சங்கத்தின் தெர்மோஸ்டாட் இரவல் இல்லை என்று ஒரு தீர்மானமும் கொண்டுவருகிறேன், ஆதரியுங்கள்.

இரவல் கொடுக்க இருந்த இரண்டு தெர்மோஸ்டாட்களில் ஒன்று ஜூலையிலிருந்து திரும்பவில்லை. எடுத்துப் போனவர் இன்று வந்திருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகப் பார்க்கலாம். ஒயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
செயலாளர்