ஆச்சியின் குரலை எப்படி வைத்துக்கொள்வது

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். ஆச்சி உனக்கு அனுப்பிய குரல் பதிவுகளை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

போனில் இருக்கிறது, கூகுளுக்கு பேக்கப்பும் போகிறது, அப்புறம் என்ன என்று இருந்துவிடாதே. வாட்ஸ்அப் பேக்கப்பை வாட்ஸ்அப்புக்குள்தான் திறக்க முடியும். கூகுள் கணக்கையே இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்டால் நீக்கலாம் என்று 2023-ல் விதி வந்துவிட்டது. மைஸ்பேஸ் என்று ஒரு தளம் இருந்தது. பல ஆண்டுகளாக ஆட்கள் அதில் ஏற்றிவைத்த பாட்டுகள் சர்வர் மாற்றும்போது அழிந்துபோனதாக 2019-ல் செய்தி வந்தது. நம் பொருளை அடுத்தவர் வீட்டில் வைக்கலாம். அங்கே மட்டும் வைக்கக் கூடாது.

முதலில் போனில் ஃபைல் மேனேஜரைத் திற. வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ் ஃபோல்டருக்குள் வாரவாரியாகப் பிரிந்து கிடக்கும். பிடிடி, பிறகு தேதி, பிறகு டபிள்யூஏ, நான்கு எண்கள் என்றுதான் ஒவ்வொன்றுக்கும் பெயர். அதை அப்படியே லேப்டாப்புக்குக் காப்பி பண்ணு. ஃபார்வர்டு செய்து சேர்க்காதே, தேதி மாறிவிடும். போட்டோ அனுப்புவதானால் டாக்குமெண்டாக அனுப்பு. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதியும் போய்விடும்.

அந்த ஒலி ஃபைல்கள் ஓபஸ் வகை. 2012-ல் வந்த திறந்த தரம் அது, யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கும் மென்பொருள் எழுதலாம். அதனால் அசலை மாற்றாமல் வை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? போன மாதம் கோவில் கமிட்டிக்காரர் ஒருவர், 1999-ல் நம் டிடிபி கடையில் அடித்த தலபுராணத்தின் சிடியோடு வந்தார். சிடி ஓடியது, ஃபைலும் திறந்தது. ஆனால் 'அம்மன்' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, டி, அரைப்புள்ளி! அது பாமினி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருக்கும், ஃபைலுக்குள் இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்துதான். எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் காணாமல் போகும். எழுத்துரு மாற்றும் மென்பொருள் ஒன்றைக் கொண்டு யூனிகோடாக்கி, அச்சிட்ட புத்தகத்தோடு வரிவரியாக ஒத்துப் பார்த்துக் கொடுத்தேன். யூனிகோடில் தமிழுக்கென்றே தனி இடம் உண்டு, எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்க 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டமும் பழைய குறியீட்டில் ஏற்றிய நூல்களைப் பின்னால் யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. அவர்கள் மாற்றியதால்தான் இன்று நாம் படிக்கிறோம்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. இங்கிலாந்தில் 1086-ல் தோலில் எழுதிய டூம்ஸ்டே நிலக் கணக்கை இன்றும் வாசிக்க முடிகிறது. அதன் 900-ஆம் ஆண்டுக்கு பிபிசி 1986-ல் லேசர் டிஸ்க்கில் புது டூம்ஸ்டே ஒன்று செய்தது. அதைப் படிக்கும் பிளேயரும் கணினியும் வழக்கொழிந்து, பதினைந்து வருஷத்துக்குள்ளேயே திண்டாட்டமாகிவிட்டது.

சரி, பிரதிகள். லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, மூன்றாவது வேறு ஊரில். பென் டிரைவை நம்பாதே. 2015-ல் வேளச்சேரியில் தண்ணீர் புகுந்தபோது, எல்லாவற்றையும் ஒரே மேஜையில் வைத்திருந்தவர்களுக்கு எல்லாமே சேர்ந்துதான் போனது. நம் திருநெல்வேலிக்கும் 2023 டிசம்பரில் வெள்ளம் வந்தது, அதே மாதம் சென்னைக்கும் வந்தது. ஆனால் ஒரே நாளில் வரவில்லை பார், அதனால்தான் மூன்றாவது பிரதி என்னிடம் இருக்கட்டும் என்கிறேன். ஆயுத பூஜை லீவில் வருஷா வருஷம் டிஸ்க்கை மாட்டி, நாலைந்து பதிவுகளைக் கடைசி வரை கேட்டுப் பார். டிஸ்க் பழசானால் புதியதற்கு மாற்று.

பெயர் வைப்பதில்தான் உன் வேலை அதிகம். வருடம், மாதம், நாள் முதலில் வரட்டும், பிறகு விஷயம்: '2023-11-08 ஆச்சி நாத்து நடவுப் பாட்டு' என்பது போல. அப்படி வைத்தால் கால வரிசையில் தானே அடுக்கிக்கொள்ளும். பழைய பெயரையும் அழிக்காமல் பின்னால் சேர்த்துவிடு. கூடவே ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் யார் பேசுவது, எங்கே, யாரைப் பற்றி என்று எழுது. நீ அனுப்பிக் காட்டிய தாலாட்டில் ஆச்சி நடுவே நிறுத்தி, "ஏல, கதவைச் சாத்து" என்று யாரையோ அதட்டுகிறாளே, அது உன் சித்தப்பா. பாட்டில் வரும் 'வடக்குக் குளம்' எது என்று எனக்கும் தெரியவில்லை, நாளைக் காலையில் ஆச்சியிடம் கேட்டு எழுதுகிறேன். உனக்குத் தெரியாத பெயர்களையெல்லாம் ஒரு பட்டியலாக அனுப்பு. அவளுக்குக் காலையில்தான் ஞாபகம் தெளிவாக இருக்கிறது, அப்போது உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துவிடலாம்.

டிஸ்க்குக்குப் பணம் போட்டுவிட்டேன். ஒரே மாதிரி இரண்டு வேண்டாம், வேறு வேறு கம்பெனியாக வாங்கு.

அன்புடன்,
அப்பா