இடிப்பதற்கு முன் எழுதி வையுங்கள்

நெதர்லாந்து அமைச்சர்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

குரோனிங்கன் மாகாணத்தில் எரிவாயு எடுத்ததால் வந்த நிலநடுக்கம், வீடுகளில் விழுந்த விரிசல், அதற்கான இழப்பீடு பற்றியெல்லாம் உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் நாடாளுமன்ற விசாரணைக் குழுவே 2023 பிப்ரவரியில் எல்லாவற்றையும் எழுதிவிட்டது. இந்த மாகாணத்து மக்களின் நலன் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது, நாடு இவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்று அந்தக் குழுவே சொன்ன பிறகு நான் வேறு எதற்கு? எனக்கு ஒரு கோரிக்கை மட்டும் இருக்கிறது. நிலநடுக்கத்தைத் தாங்கும்படி வீடுகளைப் பலப்படுத்தும் பணிக்காக ஒரு வீட்டை இடிப்பதற்கு முன் அந்த வீட்டின் வரலாற்றை எழுதி வையுங்கள். அதை ஊர்வாரியாகத் தொகுத்து, அந்தந்த ஊரிலேயே வையுங்கள்.

தமிழில் எழுதுகிறேனே என்று யாரும் வருந்த வேண்டாம். டச்சில் எழுதியவர்களுக்குக் கிடைத்த பதில்களைப் பார்த்த பிறகு, மொழிதான் தடை என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் இருப்பது ஏம்ஸ்டெல்டா நகராட்சியில், லொப்பர்ஸம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பாட்டியின் வீட்டை இடித்தார்கள். அவர் பிறந்ததே அந்த வீட்டில்தான். அப்பா பெரிய பண்ணை ஒன்றில் கூலிக்கு வேலை பார்த்தவர். இடிப்பதற்கு முன் பாட்டி என்னைக் கூப்பிட்டு, வீட்டைப் பற்றிய ஆய்வறிக்கையைக் காட்டினார். கனமான கோப்பு. ஒவ்வொரு விரிசலுக்கும் ஓர் எண், ஒரு புகைப்படம், பக்கத்தில் ஓர் அளவுகோல், அகலம் மில்லிமீட்டரில். இதில் குறை சொல்ல எதுவுமில்லை, சுத்தமான வேலை. சமையலறைப் பகுதிக்கு வந்ததும் பாட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். 'தரைக்குக் கீழே வெற்றிடம் உள்ளது. மணல் கொண்டு நிரப்பவும்.'

அந்த வெற்றிடம் ஒரு மழைநீர்த் தொட்டி.

செங்கல்லை வளைத்துக் கட்டி, உள்ளே நீர் கசியாத பூச்சு பூசி, கூரையிலிருந்து விழும் மழையைப் பிடித்து வைத்த தொட்டி. மேலே சமையலறை ஓரத்தில் ஒரு கைப்பம்பு. இந்தப் பக்கம் நிலத்தடி நீர் உவர்ப்பு. குழாய்த் தண்ணீர் வரும்வரை குடித்தது, சமைத்தது எல்லாம் அதில்தான். வெயில் நீண்ட கோடைகளில் யாருக்கு எத்தனை வாளி என்பதை அம்மாதான் முடிவு செய்வாராம். வருடத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கழுவ வேண்டும். வீட்டிலேயே ஒல்லியான பிள்ளையை உள்ளே இறக்குவார்கள், அந்தப் பிள்ளை இவர்தான். உள்ளே நின்று கத்தினால் குரல் திரும்பி வரும் என்று சொல்லி அந்த வயதிலும் சிரித்தார். ஆய்வுக்கு வந்த இளைஞரிடம் இதையெல்லாம் சொன்னாராம். தம்பி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், ஆனால் எழுத அவருடைய படிவத்தில் இடமில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. படிவத்தைத் தயாரித்தவர்கள்மேல்தான்.

கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி என்ற ரோமானியர் இந்த வடகடல் ஓரத்துக்கு வந்து, மேடு கட்டி வாழ்ந்த மக்களை நேரில் பார்த்து எழுதினார். அவர்கள்மேல் அவருக்குப் பெரிய மரியாதை எதுவும் கிடையாது. மண்ணை உலர்த்தி எரிக்கும் பாவப்பட்ட கூட்டம், இவர்களை ரோம் வென்றால் அதைப்போய் அடிமைத்தனம் என்கிறார்களே என்று அலுத்துக்கொள்கிறார். ஆனாலும் வீட்டு வாசலில் குழி வெட்டி மழைத் தண்ணீரைச் சேர்த்துவைத்து, அதை மட்டுமே குடிக்கிறார்கள் என்பதைக் கவனித்து எழுதி வைத்தார். ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் கழித்து அதே கடற்கரையில், அதே மழைநீர், அதே வீட்டடிக் குழி. நம் காலத்து அறிக்கைக்கு அது வெற்றிடம். ரோமானியப் படைக்காரர் பார்த்த அளவுக்குக்கூட நாம் பார்க்கவில்லை என்றால் எங்கே போய்ச் சொல்வது?

எங்கள் ஊர்கள் நிற்பது மனிதர்கள் கை வைத்துக் கட்டிய மேடுகளின்மேல். 'வியர்டெ' என்பார்கள். சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன், கடல் ஏறி இறங்கிய உப்புச் சதுப்பில் களிமண்ணையும் சாணத்தையும் குப்பையையும் தலைமுறை தலைமுறையாகக் கொட்டிக் கொட்டி உயர்த்தியவை. கடலுக்குக் கரை போட்டதெல்லாம் கி.பி. 1000க்குப் பிறகுதான். மேட்டின் உச்சியில் செங்கல் தேவாலயம், சுற்றிலும் வீடுகள். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இந்த மேடுகளில் பலவற்றை வெட்டி, வளமான மண் என்று படகில் ஏற்றி, மணற்பாங்கான ஊர்களுக்கு உரமாக விற்றார்கள். காலுக்குக் கீழே இருக்கிற ஊரை விற்றுத் தின்றது எரிவாயுக் காலத்தில் தொடங்கிய பழக்கமில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

தேவாலயங்களைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஸேரெய்ப், ஸ்டேடம், லொப்பர்ஸம் தேவாலயங்களைப் பற்றிப் படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கிரேவெர்ட் தேவாலயத்தின் 1531ஆம் ஆண்டு ஆர்கனை இன்றும் வாசிக்கிறார்கள், கேட்க வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது. பெரிய பண்ணை வீடுகளுக்கும் எப்படியோ ஆள் கிடைத்துவிடும். பண்ணையில் கூலிக்குப் போனவன் வீட்டுக்குத்தான் யாருமில்லை. இடிபடுகிறவற்றில் அப்படிப்பட்ட வீடுகளும் இருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கடைசியாக மிஞ்சப்போகும் ஆவணம் விரிசல் பட்டியல் மட்டுமே.

இந்தக் கோரிக்கைக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. டெல்ஃப்ஸெய்ல் துறைமுகத்துக்குக் கிழக்கே ஓட்டர்டம், ஹெவெஸ்கெஸ், வெய்வெர்ட் என்று மூன்று ஊர்கள் இருந்தன. 1959இல் ஸ்லோக்டெரென் பக்கம் எரிவாயு கிடைத்தது. மலிவான எரிசக்தியை நம்பி அந்தத் துறைமுகத்தைப் பெரிய தொழில் நகரமாக்கத் திட்டம் போட்டார்கள். 1966இல் அலுமினிய ஆலை திறந்தது. இன்னும் இடம் வேண்டும், கடல் தடுப்புக் கரையை உயர்த்த வேண்டும் என்று ஊர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். ஓட்டர்டத்தில் தேவாலயம் உட்பட எல்லாம் போயிற்று. கல்லறைக் கற்களை எடுத்து அந்தத் தடுப்புக் கரைமேல் வரிசையாகப் பதித்து, பக்கத்தில் ஒரு கை தேவாலயத்தை ஏந்தி நிற்கும் சிலை வைத்தார்கள். ஹெவெஸ்கெஸில் தேவாலயம் மட்டும் தனியாக ஆலைகளுக்கு நடுவே நிற்கிறது. வெய்வெர்டில் மேடு இருக்கிறது, ஊர் இல்லை. இவ்வளவும் செய்து முடித்தால், 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எதிர்பார்த்த அளவுக்குத் தொழிற்சாலைகள் வரவே இல்லை. அலுமினிய ஆலையும் 2013இல் திவால், மீண்டும் எழுந்து 2022இல் மறுபடி திவால். ஆக, எரிவாயு இந்த ஊர்களை விழுங்குவது இது இரண்டாவது முறை. முதல் முறை அதை எரிக்க இடம் வேண்டும் என்று, இப்போது அதை எடுத்ததால்.

அதே ஹெவெஸ்கெஸ் பக்கத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1980களில் அங்கிருந்த மடத்து மேட்டைத் தொல்லியலாளர்கள் தோண்டியபோது, அடியில் சுமார் 5,000 ஆண்டு பழைய பெருங்கற்காலக் கல்லறை ஒன்று கிடைத்தது. பாறை பாறையாகக் கவனமாக எடுத்துப்போய் டெல்ஃப்ஸெய்ல் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அருமையான வேலை. அப்படியென்றால் உங்களுக்குப் பதிவு செய்யத் தெரியாமல் இல்லை. பொருள் போதிய அளவு பழையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பாட்டியின் சமையலறைக்கு 5,000 வயது ஆகும்வரை எங்களால் காத்திருக்க முடியாது.

சட்டமும் உங்களிடமே இருக்கிறது. மண்ணைக் கலைப்பவர்தான் அங்கே தொல்லியல் ஆய்வுக்கான செலவை ஏற்க வேண்டும் என்பது 2007இலிருந்து உங்கள் நாட்டுச் சட்டம். தரைக்குக் கீழே இருப்பதைக் கலைத்தால் எழுதி வைத்துவிட்டுத்தான் கலைக்க வேண்டும். அந்த விதியை ஒரு ஆள் உயரத்துக்கு மேலே தூக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். கலைத்தவர் யார் என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகமில்லையே.

செலவாகும் என்பீர்கள். விசாரணைக் குழு கணக்குப்படி இந்த எரிவாயுவில் அரசுக்கு வந்தது சுமார் 363 பில்லியன் யூரோ. அறிக்கைக்குப் பிறகு, 30 ஆண்டுகளில் 50 நடவடிக்கைகள் என்று நீங்கள் அறிவித்த தொகை சுமார் 22 பில்லியன். பலப்படுத்தும் திட்டத்தில் சுமார் 27,000 வீடுகள். இதில் இடிபடும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஆளை ஒரு நாள் அனுப்பி, படம் எடுத்து, வீட்டில் இருப்பவர்களிடம் பேசி, யார் கட்டியது, யார் யார் இருந்தார்கள், தரைக்குக் கீழே என்ன, கூரையில் என்ன என்று எழுத எத்தனை செலவாகிவிடும்? விரிசலை அளக்க வருகிறவர்களின் பயணப்படியில் மிச்சம் பிடித்தாலே பாதி தேறிவிடும்.

1717 கிறிஸ்துமஸ் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 2,000க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்தக் காலத்தில்கூட ஊர் ஊராக ஆள் எத்தனை, குதிரை எத்தனை, மாடு எத்தனை, வீடு எத்தனை என்று கணக்கெழுதினார்கள். தண்ணீர் வடியாத ஊரில், இறகைத் தொட்டு எழுதும் காலத்தில். உங்களிடம் கணினி இருக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

ஆமாம், கொஞ்சம் காரமாகத்தான் வருகிறது. 2012 ஆகஸ்ட் 16 அன்று ஹௌசிங்கெ ஊரில் 3.6 அளவு நிலநடுக்கம் வந்தது. அடுத்த ஜனவரியில் சுரங்கக் கண்காணிப்புத் துறை, முடிந்த அளவு வேகமாக உற்பத்தியைக் குறையுங்கள் என்றது. அந்த 2013இல்தான் பல பத்தாண்டுகளில் இல்லாத அளவுக்கு, ஏறக்குறைய 54 பில்லியன் கன மீட்டர் எடுத்தீர்கள். கடைசியில் கிணறுகளை நிறுத்தியது 2023 அக்டோபர், சட்டப்படி மூடியது 2024 ஏப்ரல். நடுவில் போன ஆண்டுகளில் சேர்ந்ததுதான் இந்தக் காரம்.

இன்னொன்று. இந்த ஊர்களின் பதிவுகள் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வியை 'நகராட்சி பார்த்துக்கொள்ளும்' என்று தள்ளிவிட வேண்டாம். எந்த நகராட்சி? பாட்டி ஒரே வீட்டில் இருந்துகொண்டே மூன்று நகராட்சிகளில் குடியிருந்தவர். முதலில் ஸ்டேடம். 1990இல் அதைக் கலைத்து லொப்பர்ஸத்தில் சேர்த்தீர்கள். 2021 ஜனவரி 1 அன்று லொப்பர்ஸத்தையும் கலைத்து, டெல்ஃப்ஸெய்ல், ஆப்பிங்கெடாமோடு சேர்த்து ஏம்ஸ்டெல்டா ஆக்கினீர்கள். ஒவ்வொரு முறையும் அலுவலகம் இன்னும் கொஞ்சம் தூரம் போனது, கோப்புகளும் கூடவே போயின. அடுத்த இணைப்பு எப்போது என்று எங்களுக்குத் தெரியாது, உங்களுக்கே தெரியுமோ என்னவோ. ஆகவே பதிவின் ஒரு பிரதி அந்தந்த ஊரில், தேவாலயத்திலோ ஊர்க் கூடத்திலோ, போனால் கையில் எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

புது வீட்டைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நன்றாகத்தான் இருக்கும். வரைபடத்தைப் பார்த்தேன். குளிர் புகாது, மாடிப்படி ஏற வேண்டாம், நிலம் ஆடினாலும் தாங்கும். பாட்டியும் இடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தற்காலிகக் குடியிருப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்து, குளியலறை எந்தப் பக்கம் வேண்டும் என்று அவர் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். பழையதைக் கட்டிப்பிடித்து அழுகிற கூட்டம் என்று எங்களைக் கோப்பில் எழுதிவிட வேண்டாம்.

சரி, கேட்பதை ஒழுங்காகக் கேட்டு முடிக்கிறேன். இடிப்பு அனுமதியோடு ஒரு வீட்டு வரலாற்றுப் பதிவையும் கட்டாயமாக்குங்கள். விரிசல் அறிக்கை இல்லாமல் இன்று இடிக்க முடியாதல்லவா, அதுபோல அந்தப் பதிவு இல்லாமலும் இடிக்கக் கூடாது. ஏற்கெனவே இடித்துவிட்ட வீடுகளுக்கு, இருந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளை இடித்துக் கட்டிய ஓவர்ஸ்கில்ட் போன்ற ஊர்களில் இது இன்னும் அவசரம்.

எங்கள் ஊரில் அடுத்த பட்டியலில் இருப்பது தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள வரிசை. அந்த வீடுகளில் மூத்தவருக்கு 90ஐத் தாண்டிவிட்டது. நினைவு நன்றாக இருக்கிறது, காது மட்டும் கொஞ்சம் மந்தம். வசந்தத்தில் வேலை தொடங்கும் என்று கடிதம் வந்திருக்கிறது. அதற்குள் யாரையாவது அனுப்பி வைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சத்தமாகப் பேசுகிற ஆளாகப் பார்த்து அனுப்புங்கள், காபி எங்கள் செலவு.

இப்படிக்கு,
லொப்பர்ஸம் பக்கத்து ஊர்வாசி ஒருவன்